பாண்டி ஆடிய அடிகுழாய்

நாரையேந்தலில் அடிகுழாய் நகரத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை காலையில், மேலத்தெருவில் தண்ணீர் வரிசை நீண்டு கிடந்தபோது. நடந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, அதற்கு இருந்தது ஒற்றைக் கால், ஒற்றைக் கால் உள்ளது எப்படிப் போகுமோ அப்படித்தான் போயிற்று, நொண்டியடித்துக்கொண்டு. அதைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் செய்த காரியம், அவரவர் குடங்களைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்ற முறை கலையாமல் அதன் பின்னாலேயே போனதுதான்.

எங்கள் ஊர் மண் உப்பு மண். எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், வந்த தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மேலத்தெருவில் துரைச்சிங்கம் வீட்டு வாசலில் நின்ற அந்த ஒரே ஒரு அடிகுழாயில்தான் நல்ல தண்ணீர் வந்தது, ஏன் அங்கே மட்டும் வந்தது என்று குழாய் இறக்கியவர்களுக்கும் தெரியாது. இடம் துரைச்சிங்கத்தின் அப்பா கொடுத்தது. அதனால் மேலத்தெரு பிடித்து முடித்த பிறகு நடுத்தெரு, நடுத்தெரு பிடித்து முடித்த பிறகு கீழத்தெரு என்று ஒரு முறை இருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. கீழத்தெரு இருளாயி விடியும் முன்பே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வறண்ட கண்மாயைச் சுற்றி வந்து, வெயில் ஏறும்வரை காத்திருப்பாள். அவள் மகள் சந்தனமாரி, இரண்டாம் வகுப்பு, அம்மா சற்று உட்காரும் நேரத்தில் வரிசையில் இடம் பிடித்து நிற்பாள். கீழத்தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே வேலைதான். அதனால் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போது பாதி வகுப்பு காலியாக இருக்கும், சத்துணவு மணம் வரும்போது நிறைந்துவிடும்.

பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பூமயில் டீச்சருக்கு இதுதான் பெரிய மனக்குறை. மற்றபடி அவர் எளிதில் சோர்ந்துவிடுகிற ஆள் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். போய்விட்டு வந்தவர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இல்லாததை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார், மூன்றாம் நாள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, பிள்ளைகள் பாண்டி ஆடப் போட்டிருந்த கட்டங்களை அகலப்படுத்தி, வரிசை வரிசையாக இன்னும் நிறையக் கட்டங்கள் போட்டார். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, முதுகுப்பக்கத்தில் அம்புக்குறி வரைந்தார். ஒரு பிள்ளை எந்திரம். மற்றப் பிள்ளைகள் அட்டைகளை வரிசையாக அடுக்குவார்கள். எந்திரம் அதைப் பார்த்து அப்படியே போக வேண்டும்.

"எந்திரம் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. உங்க மனசுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது" என்றார் டீச்சர். "அதனால ஒண்ணு விடாமச் சொல்லணும்."

நேராகப் போ என்பதற்கு ஒரு அட்டை. வலது இடது பிள்ளைகளுக்குக் குழம்பியதால் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு என்று ஒன்று, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு என்று ஒன்று. பீச்சாங்கை அட்டை வரும்போதெல்லாம் வகுப்பே சிரித்து முடிக்கும்வரை பாடம் நிற்கும். திரும்பத் திரும்பச் செய் என்பதற்கு ஒரு வளையம் போட்ட அட்டை. நில் என்பதற்கு ஒரு உள்ளங்கை. இப்படி இருந்தால் இப்படிச் செய் என்பதற்கு, இரண்டாகப் பிரிகிற பாதை வரைந்த அட்டை. ஒரு நாள் டீச்சரே எந்திரமாக நின்றார். நடுத்தெரு ரிஸ்வான் நேராகப் போ என்றும் திரும்பத் திரும்பச் செய் என்றும் வைத்துவிட்டு நில் அட்டையை மறந்துபோனான். டீச்சர் முற்றத்தைக் கடந்து, சத்துணவுக்கூடச் சுவரில் மூக்கு இடிக்க நின்று, அங்கேயும் நிற்காமல் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார், ஆயா வெளியே வந்து "டீச்சருக்கு என்னாச்சு" என்று கேட்கும்வரை.

பிள்ளைகள் அட்டைகளை வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை சந்தனமாரியிடம் அட்டைகள் இருந்தன. வரிசை நகரவில்லை, எந்திரமாக இருக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, குழாய் மட்டும் ஒரு வேலையும் சொல்லப்படாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் மூக்கு இருந்த பக்கத்தை முன்பக்கம் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் சாப்பிடாத ஒன்றுக்குச் சோத்தாங்கை எது என்று எப்படிச் சொல்வது? தன் சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி, குழாயின் இடுப்பில் ஒரு பக்கமாக முடிச்சுப் போட்டு, "இதுதான் உன் சோத்தாங்கை" என்று சொல்லிவிட்டு, ஈரத் தரையில் நேரா, நேரா, சோத்தாங்கைப் பக்கம், நேரா என்று வைத்தாள்.

சேற்றில் புதைந்த காலை மாடு உருவுவதுபோலக் குழாய் தன் காலை உருவியது. ஒரு கட்டம் தாண்டிக் குதித்தது. இன்னொரு கட்டம். ரிப்பன் பக்கம் திரும்பி, இன்னும் ஒரு குதி குதித்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கால் ஊன்றி நின்றது. பழைய இடத்தில் இருந்த குழி ஈர மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூடியது. முறைப்படி அடுத்திருந்தவள் போய்க் கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் வந்தது. குடித்துப் பார்த்து, "அதே தண்ணிதான்" என்றாள்.

இருளாயி மகளிடம் கேட்டாள், "என்னடி போட்ட?"

"நேரா, நேரா, சோத்தாங்கை, நேரா."

"அப்ப நம்ம தெருவுக்கு எத்தன நேரா போடணும்?"

அட்டைகள் போதவில்லை. வைத்த அட்டைகளைப் பின்னாலிருந்து எடுத்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போனார்கள் தாயும் மகளும், குழாய் கண்மாய்க் கரையோரமாகக் குதித்துக் குதித்து வந்தது, வரிசை அதன் பின்னால் வந்தது, வரிசைக்குப் பின்னால் மூன்று நாய்கள் வந்தன. உப்பு பூத்துக் கிடந்த கீழத்தெருவின் நடுவில் அது கால் ஊன்றியபோது, அந்த மண்ணிலும் அதே நல்ல தண்ணீர்தான் வந்தது. கீழத்தெருக்காரர்கள் குடித்தார்கள், குளித்தார்கள், பருப்பு வேகவைத்துப் பார்த்தார்கள். பருப்பு குழைந்துவிட்டது என்று தெருவில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

எதற்கும் பழகிவிடுவது எங்கள் ஊரின் குணம். ஒரு வாரத்தில் பஸ் டிரைவர், குழாய் சாலையைக் கடக்கும்போது ஆடு கடப்பதற்கு நிறுத்துவதுபோல நிறுத்தப் பழகினார். டீக்கடைக்காரர், தன் கடை வாசலில் சாயங்காலம் அது நின்றால் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் பக்கம் அதைக் கொண்டுபோய் நிறுத்துவது ரிஸ்வானின் பொறுப்பு ஆயிற்று, செவ்வாய்க்கிழமை காளி கோயில் பக்கம் நிறுத்துவது சந்தனமாரியின் பொறுப்பு. கோயில் பூசாரி அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார், அது குதித்துக் குதித்து உதிர்த்துவிட்டது, அவரும் வருத்தப்படவில்லை. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், "குழாய் இந்தப் பக்கமெல்லாம் வருமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

பெரியவர்களும் அட்டை வைத்துப் பார்த்தார்கள். பலருக்கு வரவில்லை. திரும்பச் சொல்லாமல் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள்; "கொஞ்சம் இந்தப் பக்கமா வா" என்றார்கள், கொஞ்சம் என்பதற்கு அட்டை கிடையாது. துரைச்சிங்கம் அட்டை எதுவும் வைக்காமல் "வா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் சொல்லி வராதது எங்கள் ஊரில் அதுவரை எதுவும் இல்லை.

தப்பும் நடந்தது. ஒரு நாள் ரிஸ்வான் திருப்பத்துக்கு ஒரு அட்டையை விட்டுவிட்டான், குழாய் நேராகப் போய், ஊர் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊரான கடலாடிப்பட்டியின் கபடி மைதானத்தில் நின்றது. எங்கள் ஊரே பின்னால் போனது. அந்த ஊர்ப் பெண்கள் அதற்குள் குடங்களோடு வரிசை கட்டியிருந்தார்கள். அவர்கள் ஊர்த் தண்ணீரும் உப்புதான். "வந்தது வந்திருச்சு, பொழுது சாயட்டும், கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நாங்கள் மைதான ஓரம் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தோம். ரிஸ்வான் அழுதான். பூமயில் டீச்சர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க தப்புன்னு தேடு. முதல்லேருந்து ஒவ்வொண்ணா விரல் வச்சுப் பாரு" என்றார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விரல் வைத்துப் போனான், ஓரிடத்தில் விரல் நின்றது, அழுகையும் நின்றது.

துரைச்சிங்கம் கொத்தனாரைக் கூப்பிட்டது அதற்கு அடுத்த நாள். குழாய் காலையில் அவர் வாசலுக்கு வந்திருந்த நேரம் பார்த்து, அதன் காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் போடச் செய்தார், படகு கட்டும் சங்கிலியால் சுற்றிப் பூட்டும் போட்டார். கேட்டவர்களிடம், "எங்கப்பா குடுத்த இடம். அங்க நிக்கட்டும்" என்றார். பள்ளிக்கூடத்துக்கும் வந்தார். வாசலுக்குள் வரவில்லை.

"டீச்சரம்மா, பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுங்க. ஊர் சொத்த ஆட்டுவிக்கிறதுக்கா சம்பளம்? நான் மேல எழுதிப் போட வேண்டியிருக்கும்."

அன்று பஸ்ஸில் போகும்போது டீச்சருக்கு அழுகை வந்தது என்று பிற்பாடு சொன்னார். குழாய் நகர ஆரம்பித்த நாளிலிருந்து கீழத்தெருப் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வந்துகொண்டிருந்தார்கள், மறுநாளிலிருந்து அந்தப் பெஞ்சுகள் மறுபடி காலியாகிவிடும் என்று நினைத்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆனால் மறுநாள் யாரும் வரிசையில் நிற்கவில்லை, ஏனென்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை. அழுத்தினால் ஒரு பெருமூச்சு வந்தது. மேலத்தெருக்காரர்கள் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார்கள். கைப்பிடி ஏறி இறங்கியது, காற்று வந்து போனது. வாஷரைக் கழற்றிப் போட்டார்கள், வீடுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து மேலே ஊற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க மூன்று தெருவும் உப்புத் தண்ணீர் குடித்தது, மூன்று தெருவிலும் பருப்பு வேகவில்லை, பிள்ளைகளுக்கு வயிற்றால் போயிற்று. மேலத்தெரு ஆட்கள் முதன்முறையாக, தங்கள் தண்ணீரைப் பார்த்து ஆடு தலையைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை நிழலில் ஊர் கூடியது. துரைச்சிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்லக்கிளி, முழங்கால் வீங்கி வெகு நாளாக வெளியே வராதவர், அன்று ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, யாரோ கொடுத்த முக்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எல்லாரும் எல்லாரையும் குறை சொன்னார்கள். பிறகு இருளாயி எழுந்தாள்.

"அய்யா, எங்க தெருவுல வந்து நின்னா எங்களுக்கு வாசல்ல தண்ணி. உங்களுக்கு நடை. உங்க தெருவுல நின்னா உங்களுக்கு வாசல்ல தண்ணி, எங்களுக்கு நடை. இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. இதுல யாருக்கு என்ன லாபம்?"

"லாபத்துக்கா கட்டினேன்?" என்றார் துரைச்சிங்கம். அவர் குரல் அதட்டலாக இல்லை. "இவளால நடக்க முடியாது. குழாய் அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டா இவளுக்கு யாரு கொண்டுவந்து ஊத்துவா?"

"நீங்க கொண்டுவரலாம்" என்றார் செல்லக்கிளி.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. துரைச்சிங்கம் குடம் தூக்கி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை, அவரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் குனிந்து தரையைப் பார்த்தார். தரையில் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் ரிஸ்வான் உட்கார்ந்து குழாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா," என்றான் அவன், "நீங்க நில்லுன்னு மட்டும்தான் போட்டீங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே போடல."

"அதனால?"

"அதான் அது நின்னுருச்சு. தண்ணியும் சேர்ந்து நின்னுருச்சு. அது சொன்னதத்தான் செஞ்சிருக்கு."

"அப்ப என்ன போடணும்?" என்றார் துரைச்சிங்கம்.

பூமயில் டீச்சர் அட்டைப் பெட்டியைப் பிள்ளைகள் நடுவில் கவிழ்த்தார். எல்லாரும் சொல்வார்கள் பிள்ளைகள் உடனே அழகாக ஒன்று செய்துவிட்டார்கள் என்று, அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் குழாயைத் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக அடுக்கியது. சண்டை வந்தது, அட்டைகள் கிழிந்தன, ஒருத்தி இன்னொருத்தியைக் கடித்தாள். பெரியவர்கள் விலக்கிவிடப் போனபோது டீச்சர் கையைக் காட்டித் தடுத்தார். கடைசியில் எல்லாரும் களைத்துப்போனபோது சந்தனமாரி, நெளிந்துபோயிருந்த வளைய அட்டையை எடுத்து நீவி, "சுத்திச் சுத்தி வரட்டும்" என்றாள். மேலத்தெருவில் தொடங்கி, நடுத்தெரு வழியாக, கீழத்தெரு போய், கண்மாய்க் கரையில் ஏறி மேலத்தெருவுக்கே வருகிற மாதிரி அடுக்கி, அட்டை வரிசையின் தலையில் வளையத்தை வைத்தார்கள்.

"ஒரு தெருவுல எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள் இருளாயி. இதில் பெரியவர்கள் மறுபடி சண்டைக்குத் தயாரானார்கள். ரிஸ்வான் பிரிகிற பாதை அட்டையை எடுத்தான். "வரிசையில ஆள் இருந்தா நிக்கட்டும். ஆள் இல்லாட்டி அடுத்த தெருவுக்குப் போகட்டும்."

இதில் சரி தப்பு பார்க்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பிறகு செல்லக்கிளி கேட்டார், "வரிசையில வந்து நிக்க முடியாதவங்களுக்கு?"

பிள்ளைகள் அவர் முழங்காலைப் பார்த்தார்கள். ஒருவரோடொருவர் குசுகுசுத்தார்கள். சந்தனமாரி இன்னொரு பிரிகிற பாதை அட்டை எடுத்து, அதன் ஓரத்தில் கரியால் ஒரு வாளி வரைந்தாள்.

"வாசல்ல வாளி வச்சிருந்தா அந்த வீட்டுக்குள்ள திரும்பணும். நீங்க வாளிய வச்சிட்டு உள்ள போய் உக்காந்துக்கங்க பாட்டி."

துரைச்சிங்கம் எழுந்து வீட்டுக்குப் போனார். கடப்பாறையோடு வாசலில் நின்று, கொத்தனாருக்கு ஆள் அனுப்பாமல் தானே சிமென்டை உடைத்தார். வேட்டி முழுக்கத் தூசி. சங்கிலி கீழே விழுந்ததும் குழாய் ஒரு முறை உதறிக்கொண்டது, கரையேறிய நாய் உதறிக்கொள்வதுபோல. பிள்ளைகள் அட்டைகளை அதன் முன்னால் அடுக்கினார்கள். வரிசையில் ஆள் இருந்ததால் அது நின்றது. முதல் ஆள் துரைச்சிங்கம். குடத்தை எப்படி இடுப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, தோளில் வைத்துக்கொண்டார், பாதித் தண்ணீர் முதுகில் வழிந்தது.

அன்றிலிருந்து குழாய் சுற்றி வருகிறது. பிரசவமான வீட்டு வாசலிலும், காய்ச்சல் கண்ட வீட்டு வாசலிலும் வாளி இருக்கும், குழாய் படியேறி உள்ளே தலையை நீட்டும். கடலாடிப்பட்டிப் பெண்கள் வந்து கேட்டார்கள், வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அவர்கள் ஊர் மைதானத்தையும் சேர்த்துக்கொண்டோம்; பதிலுக்கு அவர்கள் ஊர்ப் பிள்ளைகளும் பூமயில் டீச்சரிடம் படிக்க வந்தார்கள். துரைச்சிங்கம் எதுவும் மேலே எழுதிப் போடவில்லை. மேலிருந்து ஒரு அதிகாரி வேறு வேலையாக வந்தவர், குழாய் தன்னைக் கடந்து குதித்துப் போவதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வருகை எப்படி என்று மட்டும் கேட்டார். எல்லாப் பெஞ்சும் நிறைந்திருந்தது.

கீழத்தெருப் பெண்களுக்குத்தான் ஒரு சங்கடம். விடியற்காலையில் வழக்கம்போல விழிப்பு வந்துவிடும், எழுந்து என்ன செய்வதென்று தெரியாது. சிலர் மறுபடி படுத்துப் பார்த்தார்கள், தூக்கம் வரவில்லை. இருளாயி சில நாள் வாசலைக் கூட்டிக் கூட்டித் தேய்த்தாள். பிறகு ஒரு விடுமுறை நாள் காலை மகளை எழுப்பி, பை நிறைய அட்டைகளை எடுத்துவரச் சொன்னாள்.

"எனக்கு அடுக்குடி. நான் எந்திரமா இருக்கேன்."

"எங்கேம்மா போகணும்?"

"கடலுக்கு."

பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய தூரம்தான். காற்று வந்தால் அதன் வாடை எங்கள் ஊர்வரை வரும். ஆனாலும் இருளாயி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு காலைப்பொழுதும் அவளுடையதாக இருந்ததில்லை, அதனால் பார்த்ததில்லை. அவள் பஸ் ஏறவில்லை. நடந்தே போக வேண்டும் என்றாள். சந்தனமாரி முன்னால் ஓடி ஓடி அட்டைகளை வைத்தாள், இருளாயி ஒன்றுவிடாமல் பார்த்து நடந்தாள், திரும்பு என்றால் திரும்பினாள், நேரே என்றால் கருவேல முள்ளைத் தாண்டியும் நேரே போனாள். வழியில் பார்த்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு அவர்களில் சிலர் கூடவே வந்தார்கள். உச்சி வெயிலுக்கு முன் மணல் வந்தது. மணல் ஈரமாயிற்று. மகள் கடைசி அட்டையை அலை தொடாத இடத்தில் வைத்தாள்.

இருளாயி அதைத் தாண்டிப் போனாள்.

"அம்மா, நில்லுன்னு போட்டிருக்கேன்" என்றாள் சந்தனமாரி.

"பார்த்தேன்" என்றாள் அவள், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டே.